அம்மா ஏறிய விமானத்தின் நிறம்

என் அம்மா குவைத்துக்கு ஏறிப் போன விமானம் என்ன நிறம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வழியனுப்ப மீனம்பாக்கம் வரை போன நைனாவை, அதாவது அப்பாவை, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். நான் சித்தூரில் பக்கத்து வீட்டு அத்தையின் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஏறிப் போனவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அவளுக்கும் தெரியாது. இந்த ஒரு விஷயத்துக்காகப் பத்து வயதில் நான் அம்மாவின் மேல் கொண்ட கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் பக்கத்துப் பெண்கள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவது ஒன்றும் அதிசயமில்லை. பள்ளியில் என் பெஞ்சிலேயே இன்னொருத்தியின் அம்மாவும் போயிருந்தாள். ஏன் போனாள் என்று யாரைக் கேட்டாலும் "உனக்காகத்தான்" என்றார்கள். எனக்காக என்றால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

மிஷன் காம்பவுண்டில், கோயிலுக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. நைனா வேலூர் ரோட்டில் ஒரு பாடி ஷெட்டில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பெயின்ட் அடிப்பவர். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். நான் பள்ளி விட்டு வந்து அத்தையிடம் சாவி வாங்கிக் கதவைத் திறப்பேன். சொந்த அத்தை அல்ல; பக்கத்து வீட்டில் இருந்ததால் அத்தை. அம்மா இருந்தவரை சாயங்காலம் என்பது காபி, தலைவாரல், திட்டு என்று மூன்று பாகமாக இருந்தது. இப்போது அத்தை காபி கொடுத்தாள். தலையை நானே வாரிக்கொண்டேன். திட்டத்தான் ஆளில்லை. அந்தக் காலி வீட்டில் நைனாவின் செருப்புச் சத்தம் கேட்கும் வரை உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

விமானம் செய்ய ஆரம்பித்தது அப்போதுதான். ஷெட்டுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் கடை ஒன்று இருந்தது. பெட்டிக்குள் வைத்து வரும் தெர்மகோலைப் பின்பக்கம் வீசிவிடுவார்கள். முதல் வருஷம் கிறிஸ்மஸ் குடில் செய்யலாம் என்று நைனா நான்கு பெரிய துண்டுகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். குடில் செய்து மிஞ்சிய துண்டில் நான் ஒரு விமானம் வெட்டினேன். அது வாத்து மாதிரி வந்தது. அத்தை எட்டிப் பார்த்து, "மூக்கு நல்லா வந்துக்கீது, முட்ட எப்ப போடும்?" என்று கேட்டாள். அத்தையின் நாக்கு அப்படி. கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று உருகி உருகிப் பாடுபவளும் அவள்தான்.

அதற்குப் பிறகு வாத்து வரவில்லை. பழைய ஹாக்ஸா பிளேடை மெழுகுவத்தியில் காட்டிச் சூடாக்கினால் தெர்மகோல் உதிராமல் வழவழவென்று அறுபடும் என்று கண்டுபிடித்தேன். இறக்கை தொங்காமலிருக்க உள்ளே துடைப்பத்துத் தென்னங்குச்சி இரண்டைச் செருகவேண்டும். வெள்ளைக் கோந்தில்தான் ஒட்டவேண்டும். பிறகு உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். அழுத்தினால் மணிமணியாகப் பிய்த்துக்கொண்டு வரும், பட்டும் படாமலும் தேய்க்கவேண்டும். தேய்க்கத் தேய்க்க வெள்ளை மணிகள் பாவாடையில், தலைமுடியில், கண் இமையில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். உதறினால் போகாது. மறுநாள் பள்ளியில் என் முதுகைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பள்ளம் விழுந்த இடத்துக்குச் சாக்பீஸ் பொடியைக் கோந்தில் குழைத்துப் பட்டி பார்ப்பேன். இதெல்லாம் லாரிக்கு நைனா செய்வதைப் பார்த்ததுதான். லாரிக்கு இருக்கும் மரியாதை விமானத்துக்கும் இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

முடித்ததை எல்லாம் நூலில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டேன். ஃபேன் போட்டால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இறக்கை ஒடியும். அதனால் அந்தக் கோடை முழுக்க ஃபேன் போடாமல் வியர்த்து வடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நைனாவும் போடவில்லை. விசிறிக்குப் பதில் ஒரு காலண்டர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டார். ஷெட்டில் நாளெல்லாம் தகரத்தின் கீழ் வெந்துவிட்டு வந்த மனிதர், ஒரு நாளும் ஃபேன் என்று வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு அரை நாள் ஓய்வு. சாயங்காலம் நைனாவின் போனுக்குக் கூப்பிடுவாள். நைனா ஸ்பீக்கரைப் போட்டு அரிசி டின் மேல் வைப்பார். எனக்குக் கிடைப்பது பத்து நிமிஷம். மற்ற பிள்ளைகள் அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன பேசுவார்களோ, நான் விசாரணைதான் நடத்தினேன்.

"ம்மா, நீ ஏறின ப்ளேன் இன்னா கலர்?"

"யாருக்குத் தெரியும் கண்ணு. பாக்கல."

"படி ஏறித்தானே போன? கண்ணு முன்னாடிதானே நின்னுக்கினு இருந்துச்சு?"

"நின்னுக்கினுதான் இருந்துச்சு. நான் பாக்கல. உன் நைனா அன்னிக்கிப் போட்டுக்கினு வந்த சட்டயக் கேளு, சொல்றேன். பிஸ்கட் கலரு. மேல் பட்டன் நூல்ல தொங்கிக்கினு இருந்துச்சு. தைக்காமயே வந்துட்டமேன்னு இருந்துச்சு எனக்கு."

சட்டையை யார் கேட்டார்கள்? ஒரு வீடு அளவுக்கு இருக்கும் விமானம் கண்ணில் படாதாம், சட்டைப் பட்டன் படுமாம். எரிச்சல் பொறுக்காமல், ஜன்னல் ஓரத்திலாவது உட்கார்ந்தாயா என்று கேட்டேன். நடு சீட்டு என்றாள். இப்படி ஒரு அம்மாவை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? என் விமானங்களில் நானே ரீஃபில் பேனாவால் ஜன்னல் வரைந்து, அதில் மூன்றாவது ஜன்னலை அம்மாவுக்குக் கொடுத்தேன். ஒரு புள்ளி, இரண்டு கோடு. அதுதான் அவள் தலையும் பின்னலும்.

இரண்டாவது வருஷம் கிறிஸ்மஸுக்கு லீவு தருகிறேன் என்று அம்மா வேலை செய்த வீட்டம்மா சொல்லிவிட்டாள். அம்மா போனில் அதைச் சொன்னபோது நைனா எழுந்து போய்ச் சும்மாவே தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பள்ளியில் என் பெஞ்சுக்காரி தினமும், "மீ அம்மா எப்புடொஸ்துந்தி?" என்று, உன் அம்மா எப்போது வருவாள் என்று, தெலுங்கில் கேட்டாள். "கிறிஸ்மஸ்கி" என்று நான் தினமும் சொன்னேன். அவள் கேட்பதை நிறுத்திவிடுவாளோ என்று பயமாகக்கூட இருந்தது.

டிசம்பர் பிறந்தால் எங்கள் காம்பவுண்டில் வீட்டுக்கு வீடு வாசலில் ஸ்டார் கட்டுவார்கள். மூங்கில் குச்சியில் கலர் பேப்பர் ஒட்டி, உள்ளே பல்ப் வைத்தது. அந்த ஸ்டாருக்குக் கீழே ஒரு பெரிய விமானத்தைத் தொங்கவிடுவது என்று முடிவு செய்தேன். அம்மா சந்து திரும்பும்போதே தெரியவேண்டும். அத்தை ஏணி கேட்க வந்தவள் ஆணி அடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏன்டீ, ஏசு பாலனப் பாக்க வர்ற மூணு சாஸ்திரிங்களும் ஒட்டகத்த உட்டுட்டு இந்த வாட்டி ப்ளேன்லயா வராங்க?" என்று கேட்டாள். "அம்மா வருது" என்றேன். அவள் ஏணியை எனக்கே பிடித்துக்கொண்டாள்.

நிறம் மட்டும் தெரிந்தாகவேண்டும். தான் ஏறிப் போன விமானமே வாசலில் நிற்கவேண்டும் அவளுக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பிடித்துக்கொண்டேன். ஞாபகப்படுத்திச் சொல், யோசித்துச் சொல் என்று பத்து நிமிஷமும் அதிலேயே போனது. கடைசியில் அம்மா, "சில்வர்னு வெச்சிக்கோயேன்" என்றாள். வைத்துக்கொள்வதாவது! சில்வரா இல்லையா? "சில்வர்தான்டீ, சில்வர்தான்" என்றாள். எனக்கு அது போதும்.

நைனா முன்பைவிடப் பெரிய துண்டு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். இரண்டு முழத்துக்கு வெட்டினேன். பரீட்சைக்குப் படிக்கவேண்டிய நேரமெல்லாம் அதைத் தேய்த்தேன். சில்வர் பெயின்ட் ஷெட்டில் இருந்தது, லாரி பம்பருக்கு அடிப்பது. ஆனால் அதில் தின்னர் கலந்திருக்கும், நேரே அடிக்கக் கூடாது. ஒருநாள் நைனா ஒரு கழிவுத் துண்டை வாசலில் வைத்து, துணியிலிருந்து ஒரு சொட்டுத் தின்னரை அதன் மேல் பிழிந்து காட்டினார். சொட்டு விழுந்த இடம் புஸ்ஸென்று உள்ளே போய்த் தரை தெரிந்தது.

"பாத்துக்கினியா? தின்னர் பட்டா தெர்மகோல் காலி. முதல்ல செவுத்துக்கு அடிக்கிற வெள்ள, தண்ணிப் பெயின்ட். ஒரு கை அடிக்கணும், காயணும். அப்பறம் ரெண்டாம் கை. அப்பறம் மூணாம் கை. எங்கியும் ஒரு ஊசி முனை கூடத் தெரியக்கூடாது. மூணும் காஞ்சப்பறம் சொல்லு. சில்வர நானே அடிச்சித் தரேன். நீ தொடாத."

வேலை விஷயத்தில் நைனா அப்படித்தான். ஷெட்டில் முதலாளி அவசரப்படுத்தினாலும் காயாத பெயின்டின் மேல் அடுத்த கை வைக்கமாட்டார். வண்டிக்காரர்கள் கத்துவார்கள், இவர் பீடி பற்றவைத்துக்கொண்டு வெயிலைப் பார்ப்பார்.

பரீட்சை முடிந்த சனிக்கிழமை முதல் கை வெள்ளை அடித்தேன். மேல்பக்கம் மட்டும்தான் ஆகியிருந்தது. இறக்கையின் அடிப்பக்கம் வெறும் தெர்மகோலாகவே இருந்தது. அதை வாசலில் இரண்டு செங்கல்லின் மேல் வைத்துக் காயவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காக்கை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நைனா வந்தார். மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்ததே கிடையாது. கையில் சில்வர் ஸ்ப்ரே டின் இருந்தது.

"காஞ்சிச்சா?" என்றார்.

"இப்பதான் நைனா ஒரு கை அடிச்சேன். நீ துன்னியா?"

அவர் தலையாட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை. சோறு போடலாம் என்று உள்ளே போனேன். சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருக்கும்போது ஸ்ஸ்ஸ் என்று சத்தம் கேட்டது.

ஓடி வந்தேன். நைனா குந்தி உட்கார்ந்து இறக்கையைத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் சீராக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அவர் அடிக்க அடிக்க இறக்கை ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாகிக்கொண்டே போனது. உள்ளே வைத்திருந்த தென்னங்குச்சி வெளியே தெரிந்தது. பிறகு முனை மடங்கித் தொங்கியது. அவர் நிறுத்தவில்லை. மூன்றாவது ஜன்னல் வரையவேண்டிய இடம் வரைக்கும் பெயின்ட் சாப்பிட்டுவிட்டது.

"நைனா! நீதானே சொன்ன! நீதானே சொன்ன!"

நான் அவர் முதுகில் குத்தினேன். இரண்டு குத்துக்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த டின்னைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார்.

"மறந்துட்டேன் பாப்பா" என்றார்.

மறந்துவிட்டாராம்! யார்? ஊசி முனை கூடத் தெரியக்கூடாது என்று சொன்னவர். நான் புரண்டு புரண்டு அழுதேன். அத்தை வந்து தூக்கினாள். நைனா சாப்பிடாமலே ஷெட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். சொம்பு வாசலிலேயே கிடந்தது.

விளக்கு வைத்த பிறகு வந்தார். செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"பாப்பா, அம்மாக்கு லீவு தர்லியாம். அந்த வீட்டம்மாக்கு ஏதோ ஆபரேஷனாம். கூட ஆள் வேணுமாம். அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்களாம்."

எனக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. மத்தியானம் விமானம் போனது, சாயங்காலம் அம்மா வரவில்லை என்று சேதி வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"உன்னாலதான். நீ ப்ளேன அழிச்சிட்ட, அதான் அம்மா வர்ல!"

அத்தை பின்னாலிருந்து, "அடியே, இன்னா பேச்சுடீ இது!" என்று அதட்டினாள். நைனா அவளைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆமா பாப்பா," என்றார். "என்னாலதான்."

அவரே ஒத்துக்கொண்டுவிட்டார். வெள்ளிக்கிழமை அம்மா போனில் அழுதபோது நான் அழவில்லை. "நைனாதாம்மா எல்லாத்துக்கும்" என்று புகார் சொன்னேன். அம்மாவின் மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. பாவம், அவள் என்ன செய்வாள், விமானம் இல்லாமல்? அந்த கிறிஸ்மஸுக்கு எங்கள் வாசலில் ஸ்டார் மட்டும் எரிந்தது. கீழே வெறும் ஆணி. கேரல் பாட வந்தவர்கள் மத்தளம் தட்டிப் பாடிவிட்டு, கேக் வாங்கிக்கொண்டு போனார்கள். புது ஃப்ராக்கில் நான் ஒரு பக்கமும், புதுச் சட்டையில் நைனா ஒரு பக்கமுமாக நின்றோம். அவர் என்னிடம் பேசுவார், நான் பேசமாட்டேன். புதிதாக ஒரு பெரிய தெர்மகோல் துண்டு கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார். நான் அதைத் தொடவில்லை. பொங்கலுக்குப் பிறகு உத்தரத்தில் தொங்கிய விமானங்களையும் அவிழ்த்துவிட்டேன். வெயில் ஏறியதும் ஃபேன் போட்டோம். நன்றாகத்தான் இருந்தது காற்று. அதற்குக் கீழே இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

அம்மா வந்தது அதற்கும் மேல் இரண்டு வருஷம் கழித்து, ஸ்டாரும் இல்லாத, ஒன்றும் இல்லாத ஒரு கோடையில். மறுபடி போகவில்லை. ஒருநாள் நானும் அவளும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். பழைய கதை ஏதோ பேசும்போது, விமானம் உருகிப்போன அந்தச் சனிக்கிழமை பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"சனிக்கிழமையா? அன்னிக்கிக் காலைலதான்டீ நான் ஷெட்டுக்குப் போன் பண்ணி, வர முடிலன்னு சொன்னேன். புள்ளகிட்ட எப்டிச் சொல்லப்போறன்னு கேட்டேன். அந்த மனுஷன் போன வெச்சிட்டாரு."

மொச்சைத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். விமானம் உருகியதால் வந்ததல்ல அந்தச் சேதி. சேதி வந்ததால்தான் விமானம் உருகியது. ஷெட்டில் கையில் அகப்பட்ட டின்னை எடுத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே வீடு வரை சைக்கிள் மிதித்து வந்தவர், என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். "காலையிலேயே போன் வந்தது" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்திருக்கலாம். அடைத்திருந்தால் என் கோபம் நேரே குவைத்துக்குப் போயிருக்கும். அதைத் தன் மேல் வாங்கி வைத்துக்கொண்டார்.

அம்மாவின் பதில் மட்டும் எனக்கு அதற்குப் பிறகும் விளங்கவில்லை. கண் முன்னால் நின்ற விமானம் எப்படித் தெரியாமல் போகும்?

சென்ற வருஷம் எனக்கு ஹைதராபாதில் வேலை கிடைத்தது. ரேணிகுண்டாவிலிருந்து விமானம். நைனா திருப்பதி வரை பஸ்ஸிலும், அங்கிருந்து ஆட்டோவிலும் கூடவே வந்தார். பெட்டியைத் தானே தூக்குவேன் என்று அடம். கண்ணாடிக் கதவருகே போலீஸ்காரர் அவரை நிறுத்தினார். "ஜாக்ரதைம்மா" என்றார் நைனா, தெலுங்கில் வண்டிக்காரர்களிடம் சொல்வது போலவே. நான் உள்ளே போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நான் மறையும்வரை அங்கேயே நின்றார். பிறகு வெயிலில் தரையில் நடந்துபோய்ப் படியேறினோம். ஹைதராபாதில் இறங்கி, எல்லாரோடும் வேகமாக நடந்து, பெட்டிக்காகக் காத்து நிற்கும்போது போன் அடித்தது. போய்ச் சேர்ந்தாயா என்று நைனா கேட்டார். அவர் முடிப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். இத்தனை வருஷம் இதற்காகவே காத்திருந்தவள் போல் குரலில் அப்படி ஒரு சிரிப்பு.

"ஏன்டீ, உன் ப்ளேன் இன்னா கலரு?"

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பயணம் முழுக்க என் கண் முன்னால் நின்றது ஒரு சட்டை மட்டும்தான். இளநீலம், இடது காலரில் கடுகளவு சில்வர் பெயின்ட், துவைத்துத் துவைத்தும் போகாதது.

"சில்வர்மா" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆமா, சில்வராத்தான் இருக்கும்," என்றாள். "சரி, இன்னா துன்ன?"